மூடியைக் கண்டுபிடித்தவர் பெயர்

மினேசாகி சவாகோவுக்கு முப்பத்தாறு வயது. ஜப்பானின் ஹமமாட்சு நகரில் சாப்பாட்டு டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் பதின்மூன்று வருடமாக வேலை. சட்டத்தையும் புதுக் கண்டுபிடிப்பையும் சேர்த்துச் சொல்லித்தரும் இரண்டு வாரக் கோடை வகுப்புக்குக் கம்பெனி அவளைக் கியோட்டோவுக்கு அனுப்பியிருந்தது. பாதி புரிந்த ஆங்கிலத்தில், வெளிநாட்டு மாணவர்களுக்கு நடுவில், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். வகுப்பு முடிந்ததும் அன்று கற்றதைக் கையால் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தி, விடுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். பிரிவுத் தலைவர் குராதா தாளின் மூலையில் தன் முத்திரையைக் குத்தி மறுநாள் காலை திருப்பி அனுப்புவார். இவ்வளவு தூரம் வந்தும் அலுவலக மேசை அவளைவிட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் பாடம், கண்டுபிடித்தவரின் பெயரைப் பற்றியது. காப்புரிமை விண்ணப்பத்தில் உண்மையில் கண்டுபிடித்தவர் பெயர்தான் இருக்க வேண்டும் என்றார் பேராசிரியர்.

சூடான சோற்றை மூடினாலும் நீர் சொட்டாத மூடி ஒன்றுக்கு அவள் கம்பெனி காப்புரிமை கேட்டிருந்தது. அதை யோசித்து, பதினெட்டு மாதிரிகள் செய்து பார்த்தவள் அவள்தான். விண்ணப்பத்தில் இருந்ததோ குராதாவின் பெயர். அந்தப் பிரிவில் யார் எதைச் செய்தாலும் தலைவர் பெயர்தான் போகும். குராதாவின் முதல் கண்டுபிடிப்பும் அவருக்கு முன்னால் இருந்தவர் பெயரில்தான் இருக்கிறது. அது தப்பு என்று சவாகோவுக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை.

இடைவேளையில் பேராசிரியரிடம் போய், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டாள். பதிவான பிறகு பெயரை மாற்ற வழியில்லை, அதற்கு முன் மாற்ற வேண்டுமானால் ஏற்கெனவே பெயர் இருப்பவரும் ஒப்புக்கொண்டு எழுதித்தர வேண்டும் என்றார் அவர். மூடி பதிவாகப் போவது வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டே நாள்.

பக்கத்து இருக்கைக்காரர் ஒதோபே, ஒசாகா பொம்மைக் கம்பெனி ஆள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டுட வேண்டியதுதானே. உங்க தலைவர் என்ன, கடிச்சா வெச்சிடுவாரு?"

"சேச்சே, ரொம்ப நல்லவர்."

"அப்போ உங்க பாடு இன்னும் மோசம்."

அது உண்மைதான். இந்த வகுப்புக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னவர்களோடு சண்டைபோட்டு அவளை அனுப்பிவைத்தவரே குராதாதான். அவரிடம் போய் உங்கள் பெயரை எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? தொலைபேசியை நான்கு முறை எடுத்தாள், நான்கு முறையும் வைத்துவிட்டாள். கடைசியில் அன்றைய அறிக்கையில் எழுதினாள்: 'இன்று கற்றது. நம் மூடியின் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் தவறாக உள்ளது. அதைக் கண்டுபிடித்தது நான்.'

வியாழன் காலை தாள் திரும்பி வந்தது. மூலையில் வழக்கம்போல குராதாவின் முத்திரை. பக்கத்தில், 'நன்று, தொடருங்கள்.'

அவர் வாசிக்கவே இல்லை.

ஒதோபே தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். முத்திரை குத்தியதால் குராதாவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, நேராக மேலிடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். சவாகோ தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேசாமலிருந்தால் மூடி போய்விடும். இதை அனுப்பினாலோ, குராதா எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டும். காலை வகுப்பில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

மதியம் மாடிப்படியில் நின்று குராதாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், நேத்து அறிக்கையை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க."

"அதான் முத்திரை குத்தி அனுப்பிட்டேனே, மினேசாகி."

"குத்துனீங்க சார். வாசிங்க."

தாள் புரளும் சத்தம்.

"அந்தப் பதினெட்டுல ரெண்டு என்னோட யோசனை," என்றார் கடைசியில்.

"ஆமா சார். அந்த ரெண்டும் ஒழுகிச்சு."

அவர் சிரிக்கவில்லை. "பதிவை ரெண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்றேன். எழுதித் தருவேனான்னு இப்போ கேக்காதீங்க. நீங்க வந்தப்புறம் பேசலாம்."

சரி என்றாள். இன்னும் ஆறு நாள் வகுப்பு இருந்தது. அதற்குப் பிறகு, அவருடைய மேசைக்கு எதிரில் இருக்கும் தன் நாற்காலிக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டும்.