பெரிய பிள்ளைகள் பிரிவுக்கு ஒரு நிபந்தனை

என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு மலைமேல் இடம் பார்த்தவர்கள் யாரும் மலைமேல் குடியிருந்தவர்கள் இல்லை. குளிர்ந்த காற்று பட்டால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் புத்தி தெளியும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தை வாங்கிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவு எழுபதும் ஏறி முடிப்பதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் பெற்றவள் மடியில் வாந்தி எடுத்திருப்பார்கள். புத்தி தெளிவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நாங்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு எதிரில் பள்ளிவாசல். நான் சொல்லும் தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம் என்ற சொல்லைச் சேலத்து டாக்டர் ஒருவர்தான் முதலில் சொன்னார். அதுவரைக்கும் ஊரார் அவளுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டால் வெள்ளிக்கிழமை போய் அழைத்துவருவேன். நடுவில் கிடைக்கிற அந்த நாட்களில்தான் நான் உட்கார்ந்து சோறு தின்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கேட்டில் பெரிய போர்டு உண்டு. மலைவாழ் மக்களின் சிறப்புக் குழந்தைகளுக்காக என்று எழுதியிருக்கும். மலைப்பிள்ளை ஒன்றுகூட உள்ளே கிடையாது. மீசை முளைத்த பையன்களையும் ‘குட்டீஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் ஆப்பிளைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பலா பழுத்து விழுந்து ஈ மொய்த்துக் கிடக்கும், அது பாடத்தில் இல்லை. காலையில் மணி கோர்க்கச் சொல்வார்கள். சாயங்காலம் ஆயா அத்தனையையும் உருவி டப்பாவில் கொட்டிவிடுவாள், மறுநாள் கோர்க்க வேண்டுமே. என் மகள் இரண்டு வருஷமாக அந்த மணியைத்தான் கோர்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல முன்னேற்றம்மா” என்று தலைமை ஆசிரியை சொல்வார். சென்னையில் டிப்ளமோ படித்துவிட்டு வந்தவர், எல்லோரும் அவரை மேடம் என்போம். பெரிய மனிதர் யாராவது பிறந்தநாள் கொண்டாட வந்தால் அன்றைக்குக் கேசரி. போட்டோ எடுத்து முடியும்வரை பிள்ளைகள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும், தின்னக் கூடாது.

இத்தனை வித்தை தெரிந்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. மகளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டால் உடனே கடைக்கு போன் வரும். “வந்து கூட்டிட்டுப் போயிடுங்கம்மா.” நான் போட்டது போட்டபடி பஸ் ஏறுவேன். போய்ப் பார்த்தால் அவளை வராந்தாவின் மூலையில் ஒரு கோணிப்பையின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். சுயசார்புப் பயிற்சி என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே.

அந்த வருஷம் பங்குனியில் மேடம் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். “ஜூன்ல இவ பெரிய பிள்ளைங்க பிரிவுக்கு வரணும். அதுக்கு முன்னாடி கர்ப்பப்பையை எடுத்துடுங்க. சின்ன ஆபரேஷன்தான். அவளுக்கும் தொல்லை இல்ல, எங்களுக்கும் தொல்லை இல்ல” என்றார். ஆடுகிற பல்லைப் பிடுங்கச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

“எடுக்கலீன்னா?” என்று கேட்டேன்.

“எடுக்கலன்னா இங்க வச்சுக்கிறது கஷ்டம்மா. ஹைஜீன் இருக்குல்ல.”

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி “ஆமாங்க மேடம்” என்றார். துணி எடுக்க வந்தவர்களிடம் பேசிப் பேசி, யார் எது சொன்னாலும் அவருக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும். பஸ்ஸில் வரும்போது, “படிச்சவங்க சொல்றாங்க புள்ள, காரணமில்லாமயா சொல்லுவாங்க?” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழக்கிக் கொடுக்கத் தெரியாதவர்களுக்கு என் மகளின் உடம்பு கோணலாகப் போய்விட்டது.

டவுன் டாக்டரிடம் போனோம். அவர் மகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நாத்தனார் வந்து, “கல்யாணமா காட்சியா, அவளுக்கு எதுக்கு அது?” என்று நியாயம் பேசினார். “உங்களுக்குந்தான் மூணு பெத்தாச்சு, இனி எதுக்குங்க? ரெண்டு பேருமா சேர்ந்தே போயிட்டு வந்துருங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஆறு மாசம் என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு வேறு இடம் இல்லை. கத்தி வைக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? அவளே துணி மாற்றப் பழகிவிட்டால் மேடத்தின் வாய் அடைபட்டுவிடும் என்று நினைத்தேன். ஜூனுக்குள் பழக்குவதென்று முடிவெடுத்தேன்.

கடையில் மிச்சமாகும் பருத்தித் துண்டுகளை ஒரே அளவில் மடித்துத் தைத்தேன். பாத்ரூமில் சுத்தமானதற்கு ஒரு டப்பா, அழுக்குக்கு ஒரு வாளி, இரண்டும் இம்மி நகராமல் ஒரே இடத்தில். அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தேன். முதலில் கத்தினாள், என் தோளைக் கடித்தாள். செய்யப் பழகியபிறகும் எப்போது போக வேண்டும் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் எதிரில் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவள் எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்குவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு அவள் முகத்தைத் தூக்கியதும் கையைப் பிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். சாயங்காலம் அஸருக்குப் போனோம், பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்குப் போனோம். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்துக்குத் தெரிந்தால் முகம் சுளித்திருப்பார். ஆண்டவன் சுளித்திருக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

கொஞ்ச நாளைக்குத் தேவையில்லாத நாட்களிலும் பாங்கு சொன்னால் ஓடினாள். பிறகு அதுவும் நேரானது. மூன்றாவது மாதம் நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் அவளே எழுந்து போனாள், மாற்றினாள், அழுக்கை வாளியில் போட்டாள், கை கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டக்கூட மறந்துபோய் அழுதுகொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே படிப்பு அதுதான், அதுவும் பள்ளிக்கூட லீவில்.

மலைமேல் பாங்குக்கு எங்கே போவது? ஹாஸ்டலில் வேளாவேளைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். வீட்டில் ஒரு தட்டைத் தட்டி அதற்கும் பழக்கினேன். ஜூனில் அவளுக்கு நாள் வரும் வாரமாகப் பார்த்து, பரீட்சைக்கு விடுவதுபோலக் கொண்டுபோய் விட்டேன். போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் போனபோது ஆயா, “எல்லாம் அதே பாத்துக்கிச்சுங்க கண்ணு, நான் கையே வெக்கல” என்றாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேடத்தின் அறைக்குள் போனோம். பள்ளிக்கூடத் தாளாளரும் அங்கே இருந்தார், ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். வராந்தாவில் மகள் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“ரொம்ப நல்ல விஷயம்மா” என்றார் மேடம். “அப்ப ஆபரேஷனுக்கு எப்போ போறீங்க?”

எனக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. “அதான் அவளே பாத்துக்கிறாளுங்களே. சுத்தத்துக்குத்தானுங்க சொன்னீங்க?”

மேடம் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் புரிய வைப்பவர் மாதிரி மெதுவாகப் பேசினார். “சுத்தம் மட்டும் இல்லம்மா. இங்க வாட்ச்மேன் இருக்கான், வேன் டிரைவர் இருக்கான், வயசுப் பசங்க இருக்காங்க. எல்லா நேரமும் எல்லாரையும் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? இவளுக்கு வாய் வேற இல்ல. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வயித்துல தங்காம இருக்கும் பாருங்க. உங்க மானத்துக்காகத்தான் சொல்றோம்.”

அந்த மனிதர் இதை ஒரு உபகாரம்போலச் சொன்னார். மேடம் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை.

“அப்படீன்னா கத்தி வெக்க வேண்டியது எம் புள்ளைக்கு இல்லீங்களே” என்றேன்.

“நீங்க எமோஷனலா பேசுறீங்கம்மா” என்றார் மேடம்.

வீட்டுக்காரர் எதிர்ப்பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசவில்லை. எழுந்து வெளியே போய் மகளைக் கையைப் பிடித்து எழுப்பினார், பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், “வா சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்றார். நான் பின்னாலேயே நடந்தேன்.

மகள் ஜன்னலோரம், நடுவில் நான், அந்தப் பக்கம் அவர். பஸ் பாதி வளைவுகளை இறங்கிவிட்டது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே, “ரெண்டு வருசம் அங்கதானே புள்ள தூங்கி எந்திரிச்சா” என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து எப்போதும்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்கத் தேடினேன். தலையை மோதிக்கொண்ட பழைய தழும்புகள்தான் இருந்தன. அவளுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அந்த இரண்டு வருஷமும் அவள் அங்கே எப்படி இருந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.