இருபத்தேழில் நின்ற அறை

குளிர்பதனக் கிடங்கில் அவளை எல்லோரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இந்தப் பெயரா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிடும். மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டிய அறைக்குள் கால் வைப்பாள், ஒரு மூச்சு இழுப்பாள், "பதினாறரைக்கு வந்துடுச்சு, எவன்டா கதவத் தொறந்து போட்டது?" என்பாள். சுவரிலிருக்கும் கருவியைப் பார்த்தால் பதினாறரைதான் காட்டும். பத்தொன்பது வருடமாக அவள் வேலை அதுதான். சரக்கு ஏற்றுகிறவர்களை விரட்டுவது, கதவைச் சாத்துவது, மணிக்கொரு தரம் குளிரின் அளவைக் குறித்துவைப்பது. வெளியே தார் உருகும் வெயிலில்கூட இரண்டு ஸ்வெட்டரோடுதான் திரிவாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தங்கை வீட்டில்தான் வாசம். தங்கையின் கணவன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். தெருவில் டிரைவர் என்றால் அவன்தான். நல்ல மனுஷன், ஆனால் எதையும் பட்டென்று முடித்தாக வேண்டும். காரில் ஏறியவுடன் ஏசியைக் கடைசிவரை திருப்பிவிட்டு, பத்து நிமிஷத்தில் நடுங்கிக்கொண்டே கண்ணாடியை இறக்குகிற ஜாதி. அக்காவோடு அவனுக்குச் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. அவள் வீட்டில் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்ப்பதுமாக இருந்தால், "வேலைய வீட்டுக்கும் கொண்டு வந்துட்டாங்க" என்று மனைவியிடம் முணுமுணுப்பான்.

அந்த ஊரில் மதியம் மண்டை பிளக்கும், விடியற்காலை பல் கிட்டும். அவர்கள் இருந்ததோ மாடியில், சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வெயிலும் குளிரும் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தங்கைக்குப் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம் எடையோடு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. டாக்டர் இரண்டு கட்டளை போட்டிருந்தார். அறை இருபத்தைந்து டிகிரிக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் எடை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான்.

டிரைவர் சும்மா இருப்பானா? அன்றைக்கே ஒரு ஏசியும் ஒரு ஹீட்டரும் வந்து இறங்கின. மதியம் ஏசியைப் பதினெட்டில் வைத்தான். அறை இருபத்தொன்றுக்கு இறங்கியது, பிள்ளையின் கால் ஜில்லிட்டது. பதறிப்போய் ஹீட்டரைப் போட்டான். முப்பத்தொன்றுக்கு ஏறியது. கதவைத் திறந்தான். அனல் அடித்தது. மறுபடி ஏசி. இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி மாறி மாறி இரைந்தன. மின்சார மீட்டர் பேய் பிடித்தாற்போல் சுற்றியது. இரண்டு நாள் இதே கூத்து.

திங்கட்கிழமை நர்ஸ் வந்து பிள்ளையைத் தராசில் வைத்தார். நாற்பது கிராம் குறைந்திருந்தது.

"பால் நல்லா குடிக்குதா?"

"குடிக்குது சிஸ்டர்" என்றாள் தங்கை.

"அப்போ குடிக்கிறதெல்லாம் உடம்பச் சூடா வச்சுக்கவே செலவாகுது. ரூம் ஏறி ஏறி எறங்கினா இந்தக் குட்டி ஒடம்பு என்னதான் பண்ணும்? வளர்றதுக்கு மிச்சம் வேணாமா?"

டிரைவர் விலை உயர்ந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் திருடன் மாதிரி நின்றான்.

அந்த நேரம் அக்கா காலை ஷிப்ட் முடிந்து வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நர்ஸ் போனபிறகு, "தம்பி, கார எடுங்க. இருபது தண்ணி கேன் வேணும், ரொப்பினது" என்றாள்.

"எதுக்குக்கா? யார் குடிக்கிறதுக்கு?"

"யாரும் குடிக்க வேணாம். சும்மா இருக்கணும், அவ்வளவுதான். எங்க கிடங்குல சரக்கு கொறஞ்சா காலி எடத்துல தண்ணி ட்ரம் அடுக்கி வைப்போம். காலி ரூம் சட்டுனு மாறிடும். நெறஞ்ச ரூம் மாற யோசிக்கும்."

ஒவ்வொன்றும் இருபது லிட்டர். மாடிப்படியில் சுமந்து ஏற்றியதில் டிரைவரின் இடுப்பு கழன்றுவிட்டது. "என்ன டிரைவரே, தண்ணிக் கடையா?" என்று கீழ்வீட்டுக்காரர் வேறு கேட்டுவைத்தார். அறையின் மூன்று சுவரோரமும் கேன்கள் வரிசையாக நின்றன. பிறகு அக்கா கதவிடுக்கில் பழந்துணியைச் சுருட்டி அடைத்தாள். திரைச்சீலையை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கழற்றி, வெள்ளைப் போர்வை ஒன்றை ஜன்னலுக்கு வெளியே கட்டினாள். வெயில் கண்ணாடியைத் தொட்டபிறகு மறைத்து என்ன புண்ணியம், வந்த விருந்தாளியை வெளியே போ என்று சொல்ல முடியுமா என்றாள். ஷீட்டின் மேல் டிரைவரை ஏற்றி இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடிக்க வைத்தாள்.

கடைசியாகத் தங்கையிடம் சொன்னதுதான் டிரைவரை அசத்திவிட்டது.

"காலையில எட்டே முக்காலுக்கு ஜன்னலத் தொற. ஒம்பதரைக்கு மூடிடு. ராத்திரி பத்துக்கு நான் தொறந்து மூடிக்கிறேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஊரே இருபத்தேழுல இருக்கும்டி. அத வெளிய விட்டுட்டு மெஷினுக்குள்ள தேடுறோம்."

டிரைவர் நம்பவில்லை. மறுநாள் காலை தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடி நிழலில் நின்றான். எட்டு ஐம்பதுக்கு இருபத்தேழு. தன் ஊரில் இப்படி ஒரு நேரம் இருப்பது முப்பத்தாறு வயதுவரை அவனுக்குத் தெரியாது. தினமும் அந்த நேரத்தில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறான்!

அதன்பிறகு ஏசிக்கு மதியம் அரை மணி நேரந்தான் வேலை, அதுவும் இருபத்தேழில். விடியற்காலை ஹீட்டர் பத்து நிமிஷம். பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட தண்ணீர், விடிகிற நேரத்தில் அதை மெல்லத் திருப்பிக் கொடுத்தது. தங்கை பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம், சாயங்காலம்தான் வருமாம். வெளியே நாற்பத்தொன்று. அக்கா வேலையில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாமா என்று சாவியை எடுத்த டிரைவர், அதை வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"அக்கா, கரண்ட் இல்ல!"

"தெரியும் தம்பி, இங்கயும் இல்ல. ஜெனரேட்டர் இன்னும் புடிக்கல. நானும் கதவச் சாத்திட்டு வெளியதான் நிக்கிறேன். இப்ப எவ்வளவு காட்டுது?"

"இருபத்தேழு."

"அப்புறம் என்ன? தொறக்காதீங்க. யாரையும் உள்ள விடாதீங்க. ஒண்ணும் செய்யாம இருங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பது! டிரைவருக்கு வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. தெர்மாமீட்டருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். மனைவி கட்டிலில், அவள் நெஞ்சில் பிள்ளை. தெருவில் ஆளாளுக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து நிழல் தேடும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் தலையில் ஈரத்துண்டோடு உலாத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கும் அறை இருபத்தேழில்தான் நின்றது. இரண்டு மணிக்கு இருபத்தேழரை. டிரைவர் எட்டி ஒரு கேனில் உள்ளங்கையை வைத்தான். சத்தமில்லை, விளக்கு எரியவில்லை, எந்த விசிறியும் சுற்றவில்லை. வெறும் தண்ணீர், ஊரையே வறுத்தெடுக்கும் வெயிலை இந்தப் பக்கம் வராதே என்று தடுத்துக்கொண்டு நின்றது. கோயிலுக்குள் போனாலும் அவனுக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை.

மூன்றரைக்கு இருபத்தெட்டைத் தொட்டது. அதற்குமேல் அது ஏறவில்லை. வெயில் சாய்ந்தது. ஆறு மணிக்குக் கரண்ட் வந்து ஏசி சிணுங்கியபோது, அதைப் போட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை அக்கா லீவு போட்டிருந்தாள். நர்ஸ் வந்தார். தராசில் துணி விரித்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, பிள்ளையைக் கிடத்தினார். எண்கள் துள்ளித் துள்ளி நின்றன. இரண்டாயிரத்துப் பத்து.

தங்கை வாய்விட்டு அழுதாள். டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்; அவன் தோள் குலுங்குவதை யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"இனி பயமில்ல. இப்படியே வச்சுக்கோங்க" என்ற நர்ஸ், பக்கத்தில் நின்ற அக்காவிடம் பிள்ளையை நீட்டினார். "கொஞ்சம் புடிங்க, தராச மூட்டை கட்டிடுறேன்."

அக்கா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு வாரத்தில் அவள் பிள்ளையைத் தொட்டதே இல்லை. சுவரைத் தொட்டாள், கேனைத் தொட்டாள், கட்டிலுக்கு ஓர் அடி தள்ளி நின்று பார்த்தாள். அவ்வளவுதான். தினமும் மைனஸ் பதினெட்டிலிருந்து வருகிற கை.

"ஏங்க்கா?" என்றாள் தங்கை.

அக்கா உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தாள், புடவையில் துடைத்தாள், மறுபடி தேய்த்தாள். காற்றை மூக்கால் இழுத்தே அரை டிகிரியைச் சொல்கிறவள், இரண்டு கைகளையும் டிரைவருக்கு முன்னால் நீட்டினாள்.

"தம்பி, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியல. சூடா இருக்கா?"

அவன் அந்தக் கைகளைப் பிடித்தான். விரல் நுனிகள் வெடித்துச் சொரசொரத்திருந்தன. நல்ல வெதுவெதுப்பாகவும் இருந்தன.

"எங்க எல்லாரையும் விடச் சூடுக்கா" என்றான். "வாங்கிக்குங்க."