பின்னறையில் ஒத்திகை

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் வாயாலேயே கேட்டது. அந்த ஆள் வாயைத் திறந்தால் பொய்தான் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் எவனும் தன்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்ளப் பொய் சொல்ல மாட்டான். அதனால்தான் இதை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் அவருக்கு ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர். மெத்தை விற்கும் கம்பெனியில் விற்பனை ஆட்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது வேலை. அவரிடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒரு வாக்கியம் சொல், நிறுத்து, இடைவெளி விடு. எதிரே இருப்பவர் அந்த இடைவெளியில் 'ம்' கொட்டுவார். நாலு 'ம்' விழுந்தால் மெத்தை விற்ற மாதிரி. இந்த மகா கண்டுபிடிப்புக்குத்தான் கம்பெனி கார் கொடுத்து வைத்திருந்தது.

மனைவியையும் மெத்தை வாங்க வந்தவள் என்றே நினைத்துக் குடித்தனம் நடத்தினார். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். விவாகரத்துக்கு முன்னால் சமரசப் பேச்சு, திங்கட்கிழமை. மகள் யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கே. அவள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் விட்டத்தைப் பார்த்து யோசிக்கிற அப்பா இவர். ஆனாலும் விட மாட்டாராம். தோற்றால் மானம் போய்விடுமாம்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகைக்கு உட்கார்ந்தார். தெருச் சத்தம் வராத பின்னறையைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து கண்ணை மூடிய அறை அது. அம்மா கிடந்த மாதங்களில் இந்த மகாராஜா அந்த வாசலைத் தாண்டியதில்லை. மருந்து வாடை ஒத்துக்கொள்ளாதாம். அம்மா போன கையோடு கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டார். அதில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

எதிரே ஒரு நாற்காலி. அதன்மேல் போன். பதிவை ஓடவிட்டு, குரலைத் தாழ்த்தி, தொண்டையில் கொஞ்சம் சோகத்தைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு."

இடைவெளி.

"நான் ஒரு நாளும் அவமேல கை நீட்டினதில்ல."

இடைவெளி.

பேசி முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டார். தன் குரலைத் தானே ரசிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு...

"ம்."

கண்ணைத் திறந்தார். தன் தொண்டைதான் செருமியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பதிவு ஓடியது. ஒரு நாளும் கை நீட்டினதில்ல...

"ம்ஹூம்."

மெல்லிய குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

பயப்பட வேண்டிய இடத்திலும் அவருக்குச் சந்தேகம்தான் வந்தது. எல்லாம் பெண்டாட்டி வேலை. நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். சைக்கிளுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மனைவிக்கே போன் போட்டார்.

"பின் ரூம்ல ஏதாவது மெஷின் வெச்சிட்டுப் போனியா?"

"ஏன், பழைய மிக்ஸி இருந்துச்சே."

போனை வைத்துவிட்டாள்.

ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். கதவைத் தாழ் போட்டார். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் பதிவு.

"எனக்கு என் பொண்ணுதான் உயிர்."

இடைவெளி...

இந்தத் தடவை போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ம்ஹூம்."

அறைக்குள்ளேயே.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம். அடுத்த வாக்கியம் தானாக வெளியே வந்தது.

"எங்கம்மாவக்கூட... கடைசி வரைக்கும்... நான்தான் பார்த்துக்கிட்டேன்."

பக்கத்து வீட்டு மெஷின் நின்றது.

எதிர் நாற்காலியிலிருந்து இல்லை.

அதற்கும் கீழே...

முழங்கால் உயரத்தில்... படுத்திருப்பவர் வாய் இருக்கும் உயரத்தில்...

"ம்ஹூம்."

செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

திங்கட்கிழமை வரை லாட்ஜில் கிடந்தார். சமரச மையத்தில் மத்தியஸ்தர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க முதல்ல பேசுங்க" என்றார்.

"எனக்கு என் பொண்ணுதான்..."

நிறுத்தினார். இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மேல சொல்லுங்க சார்."

ஊரையே பேசி விற்ற வாய் உலர்ந்து போயிருந்தது. மகள் அம்மாவிடம் இருக்கட்டும் என்றார்கள். தலையாட்டினார். வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினார்.

வெளியே மனைவி லிஃப்டுக்காக நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா... கடைசில எப்படிப் பேசுவாங்க?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் ஆள் கொஞ்சம் பெறுமானம் உள்ளவனாக இருக்க வேண்டுமே.

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"சொல்லேன்."

"பக்கவாதம் வந்தப்புறம் அத்தைக்குப் பேச்சு ஏது? ஆமான்னா ம். இல்லன்னா ம்ஹூம். நாலு மாசமும் அவ்வளவுதான்."

லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

"கடைசி நாள் மூச்சு இழுத்துச்சு. உங்க புள்ளையக் கூப்பிடட்டுமா அத்தைன்னு கேட்டேன். நீங்க ஹால்லதான் டிவி பார்த்துட்டு இருந்தீங்க."

"என்ன... சொன்னாங்க?"

அத்தை எப்படித் தலையை ஆட்டினாளோ, அப்படியே ஆட்டிக் காட்டினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மெதுவாக.

கதவு மூடிக்கொண்டது.

பின்னாலேயே அவருடைய வக்கீல் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டை முழுசாக வாங்கிக் கொடுத்துவிட்டாராம்.