நெகேசாவின் அடுக்கு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? எனக்கு வந்தது பட்டப்பகலில். நைரோபியில், ஆபீஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது. கதை கட்டிப் பிழைக்கிறவள் இல்லை நான். அடுத்தவர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து பிழைக்கிறவள். பெயர் மொரா.

வெள்ளிக்கிழமை வேகத் தேர்வு. தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கோ விரல் வலி, வேகம் படுத்துவிட்டது. மேற்பார்வையாளர் கிப்டூ எல்லோர் முன்னாலும், "என்ன மொரா, தூங்கிட்டே தட்டுறியா?" என்று கேட்டான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இந்த வேலை போனால் திரும்ப அம்மா வீட்டுக்குத்தான் போகவேண்டும். செத்தாலும் போகமாட்டேன் என்று இருந்தேன்.

பக்கத்து மேசை முத்தேயு ஒரு விசைப்பலகையை விற்றாள். கையால் செய்தது, விரலுக்கு மெத்தென்று இருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"யாருதா இருந்தா உனக்கென்ன? வேணும்னா எடு, இல்ல விடு."

எடுத்தேன்.

இந்த மாதிரிப் பலகையில் எந்த விசையில் எந்த எழுத்து என்று நாமே கணினியில் மாற்றிவிடலாம். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால், மற்ற விசைகளுக்கெல்லாம் வேறு எழுத்து வரும்படியும் வைக்கலாம். அதை அடுக்கு என்போம். இதில் இருந்த அடுக்கு கிறுக்குத்தனமாக இருந்தது. இடப்பக்க விசைகள் எல்லாம் வெறுமை. வலது கட்டைவிரலால் இடைவெளிக் கட்டையைப் பிடித்தால், இடப்பக்க எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வலப்பக்கம் வந்தன. எந்த மடையன் செய்தான் என்று திட்டிக்கொண்டே முழுவதையும் அழித்தேன். எழுத்துகளை என் வசதிக்கு வைத்தேன்.

மறுநாள் காலை பழைய அடுக்கே இருந்தது.

முத்தேயு கைவைத்திருப்பாள் என்று அவளோடு சண்டை போட்டேன். அவளோ பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி அழித்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்தால்... திரும்ப அதே அடுக்கு.

"என் பலகை. என் இஷ்டம்தான்" என்று அதனிடமே சொன்னேன். மூன்றாம் முறையும் அழித்தேன். இந்தத் தடவை பலகையை வீட்டுக்கே எடுத்துப்போய், தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை. தேர்வு தொடங்கியது. காலையில்தான் சரிபார்த்திருந்தேன், என் எழுத்துகள் என் இடத்தில் இருந்தன. முதல் பத்தி நன்றாகப் போயிற்று.

டக்.

நான் தட்டாத ஒரு விசை இறங்கி எழுந்தது.

இடப்பக்கம் செத்துவிட்டது. எதைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் இல்லை. கிப்டூ பின்னால் நடந்து வந்தான். இடப்பக்க விசைகளை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

டக்... டக்...

இடது கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

மணிக்கட்டில் ஜில்லென்று ஒரு பிடி.

பக்கத்தில் யாருமில்லை.

பிடி இறுகியது.

விடுவித்துக்கொள்ள வலது கையைத் தூக்கப் போனேன்.

அப்போது என் வலது கை தானாக ஓடத் தொடங்கியது. கட்டைவிரல் பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது... ஒரு பிழை இல்லை. நான் ஒருநாளும் பழகாத அந்த அடுக்கில், ஒற்றைக் கையால். என் விரல்களை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் பிடி விட்டது.

தேறிவிட்டேன். அந்த வருஷத்திலேயே அதிக வேகம் என்னுடையதுதானாம். கிப்டூ கை கொடுத்தான். நான் கொடுக்கவில்லை.

முத்தேயுவைக் கழிப்பறைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். பலகை நெகேசாவுடையது. எனக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தவள். மட்டாட்டு என்கிற வாடகை வேன் கவிழ்ந்து இடது கை துண்டாகிப் போய்விட்டது. மீதிக் கையால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவளே அமைத்த அடுக்கு அது. போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனாள்.

"புதைக்கும்போது அவ அம்மா ஒண்ணையேதான் சொல்லிச் சொல்லி அழுதாங்க" என்றாள் முத்தேயு. "அந்தக் கைய ரோடு பூரா தேடினாங்களாம். கடைசிவரைக்கும் கிடைக்கவே இல்லையாம்."

இடது மணிக்கட்டில் விரல் தடங்கள் நீலமாகக் கன்றியிருந்தன. அவற்றின் மேல் என் வலது கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. கட்டைவிரல் தடம் மறுபக்கம் இருந்தது.

என்னைப் பிடித்தது இடது கை.