மூச்சைப் பிடித்துப் பார்த்த ஸ்டேடியம்

ஊருக்கு நடுவே இருக்கும் அந்தப் பெரிய ஸ்டேடியத்தை என் அளவுக்கு நிதானமாகப் பார்த்தவர் இருக்க முடியாது. வரிசையில் நிறுத்தி வைத்தால் வேறு என்ன செய்வது? போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு. அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. இதில் தேறாவிட்டால் காக்கிச் சட்டையை இனி டெய்லர் கடையில்தான் தொட்டுப் பார்க்க முடியும்.

நடுவில் செம்மண் ஓடுதளம். அதற்குள் கால்பந்துக் கம்பங்கள். ஓரத்தில் கூடைப்பந்து, கைப்பந்து. கூரை போட்ட அரங்கத்துக்குள் ஷட்டில். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றுவதும் இங்கேதான், காலையில் சர்க்கரைக்காரர்கள் கை வீசி நடப்பதும் இங்கேதான். கேலரியில் ஒரு பக்கம்தான் நிழல். எங்கள் வரிசை மறுபக்கம்.

சித்தையன்கோட்டையிலிருந்து பைக்கில் கூட்டி வந்த அக்கா வீட்டுக்காரர், "ஏலே மாப்ள, ஓட்டத்துல விட்றாத" என்று சொல்லி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. மாதக்கணக்கில் கண்மாய்க் கரையில் நாய் துரத்தாமலே ஓடிப் பழகியவன். பயமெல்லாம் மார்பளவில்தான். பிறவியிலேயே எனக்கு வாய்த்தது சட்டை மாட்டும் ஹேங்கர்.

சும்மா நின்று ஓர் அளவு, மூச்சை இழுத்து விரித்து இன்னோர் அளவு. இரண்டாவது, முதலாவதைவிட ஐந்து சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். முதல் அளவே பத்தாமல் போய்விடுமோ என்று பயந்து, டேப் மேலே படுவதற்கு முன்பே காற்றை நிரப்பிக்கொண்டேன்.

"சும்மா நில்லுப்பா," என்றார் அளந்த ஏட்டையா.

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடுமே. முதல் அளவு தேறியது.

"இப்ப மூச்ச இழு."

இழுக்க வேண்டியதை எல்லாம் இழுத்தாயிற்று. கண் மட்டும்தான் விரிந்தது.

"அண்ணே, வெடிச்சிராதீங்க," என்றான் பின்னால் நின்றவன். வரிசையே சிரித்தது.

ஏட்டையா நல்ல மனிதர். "விட்டுட்டு மொதல்ல இருந்து நில்லு" என்றார். விட்டேன். டேப் தொளதொளவென்று வயிற்றுக்கு இறங்கியது. பிடித்தால் இரண்டாவது அளவு போகிறது, விட்டால் முதல் அளவு போகிறது. மூச்சில் மூன்றாவது வகை எனக்குத் தெரியாது.

"அடுத்த தடவ வாப்பா."

"அடுத்த தடவ இல்லைங்கய்யா. வயசு முடியுது."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டார்.

கேட்டருகே அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்து விழித்தார். "என்னலே, அம்புட்டு வெரசா ஓடி முடிச்சிட்டியா?"

"ஓடவே விடல மாமா. காத்து பத்தலையாம்."

அவர் சிரிக்கவில்லை. "ஒங்கக்கா போன் மேல போன் போடுறா. என்னன்னு சொல்ல?"

"செத்த நேரம் கழிச்சுச் சொல்வோம்."

உள்ளே விசில் ஊதினார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். முதலில் வந்துகொண்டிருந்தவன் காலைத் தூக்கிப் போடவே தெரியாமல் ஓடினான்.

"நான் இவன முந்திருவேன் மாமா."

"தெரியும்லே," என்று பைக்கைத் திருப்பினார். "ஏறு."