ஒரு தடவை தொட்டேன், ரெண்டு தடவை பட்டுச்சு

அலுவலகத்தில் அவளை 'விரல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்று. அவள் மேசையின் கடைசி இழுப்பறையில் பத்தொன்பது பழைய போன்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அவளே ஒரு பெயர் எழுதி ஒட்டியிருந்தாள்: சோம்பேறி, கோபக்காரன், செவிடு, கிழவர். புது போனில் சமர்த்தாக ஓடும் இணையப் பக்கம், கிழவரிடம் போனால் முரண்டு பிடிக்கும். ஒரு பிரவுசர் விரலை விரலாக மதிக்கும். இன்னொன்று அதை மவுஸ் என்றே நினைத்துக்கொள்ளும். இத்தனை பேருடைய குணத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி பக்கங்களை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. மற்றவர்கள் மேசைக் கணினியில் மவுஸை வைத்துச் சோதித்துவிட்டு, 'டச் நல்லா வேலை செய்யுது' என்று சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "குளத்தைப் படத்துல பாத்துட்டு நனைஞ்சுட்டேன்னு சொல்லுவியா?" என்று கேட்பாள்.

அன்று காலை ஒன்பதே காலுக்கு அண்ணி போன் செய்தாள்.

"கால் வீங்கி செருப்பே நுழையல. படுத்தா மூச்சு முட்டுதாம். நாளைக்காவது இடம் கிடைக்குமா சொல்லு."

அண்ணன் முப்பது வருடம் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டியவன். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அடுத்த நாளுக்கான இடங்கள் தினமும் காலை பத்து மணிக்கு இணையத்தில் திறக்கும். பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். அந்தப் பக்கத்தை எழுதியது இவள் வேலை பார்க்கும் நிறுவனம்தான். தரகர்கள் மொத்தமாக இடத்தை வளைத்துப் போடக் கூடாது என்று, நோயாளியின் பதிவு செய்த போனிலிருந்து மட்டுமே இடம் எடுக்க முடியும் என்ற விதியை வைத்ததும் இவள்தான். அதனால் அண்ணனுக்காக இவள் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது.

போன இரண்டு முறையும் அண்ணன் இடம் எடுத்தான். எடுத்த வேகத்தில் அது போய்விட்டது; மறுபடி முயல்வதற்குள் இடங்கள் தீர்ந்துவிட்டன. 'நான் விடல' என்று தலையில் அடித்துச் சொன்னான். யாரும் நம்பவில்லை. இவளும்தான். "டயர் கழட்டற மாதிரி போனை அழுத்தினா வேற என்ன ஆகும்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள். அவசரப் பிரிவில் கேட்டதற்கு, இன்னும் மோசமானால் கூட்டி வாருங்கள் என்றார்களாம். இன்னும் என்றால் எவ்வளவு என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

அண்ணியிடம் பேசி முடித்ததும் அவள் அந்த மாதத்துப் புகார்களைத் திறந்தாள். இடம் தானாகப் போய்விட்டதாகப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பதினொன்றுக்கும் கீழே 'பயனர் தவறு' என்று போட்டு மூடியிருந்தார்கள். ஆறாவது புகார் ஒரு தையல்காரம்மா அனுப்பியது. அதில் இரண்டே வரிகள்தான். 'நான் தொட்டது ஒரு தடவை. பட்டது ரெண்டு தடவை.'

அவள் அதை மறுபடி படித்தாள். தொடுவது நாம் வேண்டுமென்று செய்வது. படுவது நம்மை அறியாமல் நடப்பது. டம்ளரைத் தட்டிவிட்ட குழந்தைகூட 'தொட்டேன்' என்று சொல்லாது, 'கை பட்டுடுச்சு' என்றுதான் சொல்லும். அந்தம்மா கணக்காக எழுதியிருக்கிறாள். தொட்டது அவள். அப்படியானால் இரண்டாவதாகப் பட்டது யார்?

கிழவரை வெளியே எடுத்து, அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். 'உறுதி' என்ற பொத்தானை விரலால் தொட்டாள். இடம் கிடைத்தது. கண் சிமிட்டும் நேரத்தில் போய்விட்டது.

விஷயம் இவ்வளவுதான். விரலை எடுத்ததும் பழைய பிரவுசர் 'தொட்டார்கள்' என்று ஒரு முறை சொல்கிறது. மவுஸ் மட்டுமே தெரிந்த பக்கங்களுக்காக, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்து, அதே இடத்தில் 'கிளிக் செய்தார்கள்' என்று இன்னொரு முறையும் சொல்கிறது. முதல் செய்தியிலேயே இடம் உறுதியாகி, அடுத்த திரை வந்துவிடுகிறது. அந்தத் திரையில், 'உறுதி' இருந்த அதே இடத்தில் 'இடத்தை விடு' என்ற பொத்தான். தாமதமாக வரும் கிளிக் அதன் தலையில் விழுகிறது. முன்பெல்லாம் நடுவில் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி வரும். கேள்வி அதிகம் என்று நோயாளிகள் அலுத்துக்கொண்டதால் போன வாரம் அதை எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது யார் என்று பதிவேட்டில் பார்த்தாள். அவளேதான். வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில், இழுப்பறையைத் திறக்காமல் மவுஸால் கிளிக் செய்து பார்த்துவிட்டு 'சரி' போட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் செய்த காரியம்.

மணி ஒன்பது நாற்பத்தொன்று. மேலாளரின் அறைக்கு ஓடினாள். அவருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'.

"சார், பழைய போன்ல இடம் தானா கேன்சல் ஆகுது. இப்பவே மாத்தணும்."

"பத்து மணிக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எதையும் தொடக் கூடாதுன்னு தெரியுமில்ல? போன வருஷம் தொட்டுத்தானே மொத்தப் பக்கமும் ஓடாம படுத்துச்சு? பத்தரைக்கு மேல வாங்க."

போன வருடம் படுத்தது உண்மைதான். அதனால் அவளால் வாதாட முடியவில்லை. மேசைக்குத் திரும்பிக் கிழவரைக் கையில் எடுத்தாள். விரலை ஒற்றி எடுத்தாள், இடம் போனது. இன்னும் வேகமாக எடுத்தாள், போனது. கடைசியில் விரலை வைத்து, இரண்டு எண்ணும்வரை அழுத்திப் பிடித்து, பிறகு எடுத்தாள். இடம் அப்படியே நின்றது. நெடுநேரம் அழுத்தினால் பிரவுசர் அதைக் கிளிக் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பது முறை திருப்பிச் செய்தாள். ஒன்பது முறையும் நின்றது.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு அண்ணியின் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன் போனைக் கையில எடுக்கச் சொல்லுங்க. உறுதிங்கறதைத் தொட்டதும் விரலை எடுக்கக் கூடாது. ரெண்டு எண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"அவருக்கு ஏற்கெனவே கை நடுங்குது."

"நடுங்கினா பரவாயில்ல. எடுக்க மட்டும் கூடாது."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "அழுத்தாதேன்னு அன்னிக்கு அவதானே கத்தினா? இப்ப அழுத்துங்கறா?"

"கோபத்தை நாளைக்கு வெச்சுக்குங்க. மணி ஆச்சு" என்றாள் அண்ணி.

மணி பத்து. அண்ணி சத்தமாக எண்ணினாள். ஒன்று என்றதும் இழுத்து மூச்சு விடும் சத்தம். இரண்டு. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கு" என்றாள் அண்ணி. "நாளைக்குக் காலையில ஏழு மணி. போகல, அப்படியே இருக்கு!"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் போனை வாங்கினான்.

"பாப்பா, அப்ப அன்னிக்கும் நான் விடலதானே?"

"இல்லண்ணா. நான் எழுதினதுதான் விட்டுச்சு. தப்பையும் பண்ணிட்டு உன்னையும் திட்டினேன்."

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "சரி, அதை விடு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாகிட்டயும் என்னை மாதிரி பழைய போன்தான். அவங்களுக்கு யாரு எண்ணுவா?"

பத்து இரண்டு. அவள் முன்பதிவுகள் ஓடும் திரையைப் பார்த்தாள். 'விடப்பட்டது' என்று ஏற்கெனவே மூன்று வரிகள் வந்திருந்தன. தன் அண்ணன் தப்பித்தான் என்றதும் அந்த மூன்று பேரையும் மறந்து உட்கார்ந்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பூட்டின் உத்தரவு இருந்தது. ஆனால் மாற்றத்தை ஏற்றும் சாவி அவளிடமும் இருந்தது. எந்தப் போன் 'இடத்தை விடு' என்றாலும் சர்வர் காதில் வாங்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி எழுதி ஏற்றினாள். பக்கம் படுக்கவில்லை. நான்காவது வரி வரவில்லை. இடம் போன மூன்று பேரில் இரண்டு பேர் மறுபடி வந்து எடுத்தார்கள். பத்து ஐந்துக்குத் தையல்காரம்மாவின் பெயர் வந்தது, நின்றது. மூன்றாமவர் வரவேயில்லை. இடங்கள் தீர்ந்துவிட்டன.

மேலாளர் சிவந்த முகத்தோடு வந்தார். "யாரைக் கேட்டு ஏத்தினீங்க?"

அவள் எழுந்து, கிழவரை அவர் கையில் கொடுத்தாள். சோதனைப் பக்கத்தில் இன்னும் பழையபடிதான் இருந்தது. "உறுதியைத் தொடுங்க சார். விரலால."

அவர் தொட்டார். இடம் வந்தது, போனது. கிழவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே. அதுவா பட்டுடுச்சு."

"எல்லாரும் அதைத்தான் சார் சொன்னாங்க" என்றாள்.