இஞ்சினின் காதை அடைத்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயர் குரோ போகும் மேம்பாலத்தின் நடுவில், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு ஒரு காருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். தோள் துண்டால்!

பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக மணப்பெண். என் அக்காள் மகள் பவித்ரா. முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம்தான் பாக்கி. திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் பெண்ணைப் பெற்றவர், என் மச்சான் சந்திரன்.

"ஆறட்டும், ஸ்டார்ட் ஆயிடும் லா," என்றார் மச்சான்.

ஆறத்தான் செய்தது. செத்துப்போனது எதுதான் ஆறாது?

மச்சானுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. காருக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான், கார்க் கணக்கில். ஆனால் பிக்கப் மட்டும் இருபது வயதுப் பையன் மாதிரி வேண்டும்! ஆயர் குரோவில் ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு தம்பி லேப்டாப்பைச் செருகி, இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளிவிட்டான். அதாவது, பிஸ்டன் மேலே ஏறி வருவதற்குள்ளேயே பொறி வைத்துவிடுவது. நல்ல பெட்ரோல் என்றால் பொறிக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். சாதா பெட்ரோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது... தானாகவே வெடித்து, ஏறி வருகிற பிஸ்டனின் உச்சந்தலையில் சம்மட்டியால் போடும்.

"அங்கிள், இனிமே ஆக்டேன் 97 பெட்ரோல் மட்டும்தான். 95 ஊத்துனீங்கன்னா பிஸ்டன் போயிடும்," என்று படித்துப் படித்துச் சொன்னானாம்.

"ஓகே லா தம்பி."

தலையாட்டுவதில் நம்மவர்களை யார் மிஞ்ச முடியும்? அன்று மாலையே பெட்ரோல் ஸ்டேஷனில் ஐசியை, அதாவது அடையாள அட்டையைச் செருகி, மானியத்தில் கிடைக்கும் 95-ஐ வாய்வரைக்கும் ஊற்றினார். பந்தயக் குதிரைக்குப் பழைய சோறு!

இந்தக் காருக்கு ஒரு சின்னக் காது உண்டு. நாக் சென்சர் என்பார்கள். உள்ளே தப்பான வெடிச் சத்தம் கேட்டால், இஞ்சின் தானாகவே பொறியைச் சற்றுத் தள்ளிப்போடும். பிக்கப் குறையும், உயிர் தப்பும். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. காதை அடைத்துவிடச் சொன்னார். தம்பி மறுத்தான். மறுக்காத ஒருவன் பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் கிடைத்தான். அப்படி ஒருவன் எந்த ஊரில்தான் கிடைக்கமாட்டான்?

பிறகு ஆரம்பித்தது சத்தம். பால் டின்னுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி... ஏற்றத்தில் ஏறினால் இன்னும் ஜோராக.

"கண்ணு பட்டிருக்கு," என்றார் மச்சான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனது கார். நாலு டயருக்கும் எலுமிச்சை நசுங்கியது. பூசணி உடைந்தது. கற்பூரம் சுற்றியாயிற்று. ஐயா, திருஷ்டி கழிக்கலாம்... ஆக்டேனை எந்த சாமி ஏற்றித் தரும்? அப்புறமும் சத்தம் கேட்டபோது, புதிதாக ஸ்பீக்கர் பூட்டினார். உறுமி மேளத்தை அலறவிட்டார். சத்தம் போயே போச்சு!

பவித்ரா ஃபேக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவள். சொன்னாள்: "அப்பா, இது கண்ணு இல்ல, நாக்கிங். கல்யாணத்துக்கு வேற கார் எடுங்கப்பா."

"கல்யாணப் பொண்ணு பேசாம இரு. என் பொண்ணு என் கார்லதான் போகும்."

பார்த்தீர்களா? முதலில் இஞ்சினின் காது. அடுத்து மகளின் வாய். நம் வீடுகளில் டைமிங் எப்போதுமே முன்னேதான் தள்ளப்படுகிறது. எல்லாம் சீக்கிரம், எல்லாம் வேகம், எல்லாம் நாலு பேர் பார்க்க. உள்ளே ஏதாவது தட்டினால்? வால்யூமைக் கூட்டு!

ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்று பேர், ஏர்கான், உறுமி. பின்னால் வந்த சொந்தக்காரர் ஹாரன் அடித்து முந்திப் போனார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. மிதித்தார்.

ஒரே ஒரு அடி. உறுமிக்கும் மேலே கேட்டது. கண்ணாடியில் நீலப்புகை... பாலமே சாம்பிராணி போட்டதுபோல.

விசிறி விசிறி என் கை ஓய்ந்தபோது, எங்கள் மண்டபத்துக்குச் சாப்பாடு ஏற்றிவந்த கேட்டரிங் வேன் பக்கத்தில் வந்து நின்றது. பவித்ரா காரை விட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போற?" என்றார் மச்சான்.

"கல்யாணத்துக்குப்பா."

"கொஞ்சம் பொறு லா, இப்ப ஸ்டார்ட் ஆயிடும்..."

"அது ஆகாதுப்பா. பிஸ்டன் ஓட்டை. நீங்க வரீங்களா, இல்ல இங்கயே காவல் இருக்கீங்களா?"

டிரைவர் பக்கத்தில் பெண் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். மச்சான் காரைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வேன் நகர்ந்தது. ஓடி வந்து தொற்றி ஏறினார். வழியெல்லாம், "கண்ணு... எவன் கண்ணோ..." என்று முனகிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் நுழைந்ததும் ஐயர் அவசரப்படுத்தினார். கை கழுவக்கூட நேரமில்லை. முன்பே வந்துவிட்டிருந்த அக்காள் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, மச்சான் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அவர் விரல்களிலிருந்த இஞ்சின் கரி கரைந்து, கறுப்பாக வழிந்து, மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டுவேட்டியில் சொட்டியது.

கிளேபாங் ஊர்க்கார மாப்பிள்ளை, பாவம், அமைதியானவர். கைக்குட்டையைத் தேடினார்.

பவித்ரா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"தொடைக்காதீங்க. போட்டோல விழட்டும்... இல்லன்னா நாளைக்கு அப்பா அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுவாரு."